பதினெட்டு-சி ஒளிந்துகொண்ட பதினோரு வாரங்கள்

பதினெட்டு-சி பேருந்து ஒளிந்துகொண்டது ஒரு வியாழக்கிழமை மாலை, செவல்பேட்டை ரயில்வே கேட்டில், முப்பத்து மூன்று பேரோடும் ஒரு கருவாட்டுக் கூடையோடும். ஒரு பேருந்து எப்படி ஒளிய முடியும் என்று எங்கள் பக்கத்தில் இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. டீசலுக்கு என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

ஆனைக்குழிதான் அந்த வழித்தடத்தின் கடைசி ஊர். அதற்கு அப்பால் காற்றாலைகளும் சீமைக் கருவேலங்காடும்தான். காலை எட்டு இருபதுக்கு ஆனைக்குழியில் கிளம்பி, தார் பெயர்ந்த முப்பத்து நாலு கிலோமீட்டரைக் குலுங்கிக் கடந்து, ஒன்பதரைக்குச் செவல்பேட்டை போய், சாயங்காலம் நாலே முக்காலுக்குத் திரும்பி, ராத்திரி ஆனைக்குழி வேப்பமரத்தடியிலேயே தங்கிவிடும் அந்த ஒரு பேருந்துதான் எங்களுக்கு இருந்தது. ஆட்கள் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று கணக்கெடுக்க அதிகாரிகள் வந்த நாளில் ஆனைக்குழியில் அம்மன் கொடை, வருடத்துக்கு ஒருமுறை வரும் கோவில் திருவிழா. ஊரே ஊரில் இருந்தது. பேருந்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேருக்காக ஒரு பேருந்து எதற்கு என்று மேலே முடிவாகி, பிப்ரவரி ஒன்றாம் தேதி முதல் பதினெட்டு-சி நிறுத்தப்படும் என்று ஒரு தாளை அதன் முன்கண்ணாடியிலேயே ஒட்டி அனுப்பினார்கள். தன் சாவு அறிவிப்பைத் தானே நெற்றியில் ஒட்டிக்கொண்டு அது இரண்டு வாரம் ஓடியது.

எல்லோருக்கும் நஷ்டம்தான், ஆனால் செல்வக்கோமதிக்கு இருந்தது போல யாருக்கும் இல்லை. ஆனைக்குழியில் ஆடு மேய்க்கும் சுடலைமணியின் மகள் அவள், இயற்பியல் கடைசி வருடம், பட்டத்துக்கு இன்னும் பதினோரு வாரம் பாக்கி. சுடலைமணி கோபக்காரர் இல்லை, கணக்குத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

"பஸ்ஸு ஓடுற வரைக்கும் போ தாயி. நின்ன மறுநாள் தீப்பெட்டி ஆபீஸ் வேன்ல ஏறிரு. அது வீட்டு வாசலுக்கே வருதுல்லா."

"பதினோரு வாரந்தான்ப்பா."

"பதினோரு வாரமும் நடந்தா போவ? போக முப்பத்தி நாலு, வர முப்பத்தி நாலு."

தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு வேலையாட்களை ஏற்றிப்போகிற வேன் அது. கோமதி பொதுவாகவே பதில் சொல்கிற பெண் இல்லை. வகுப்பில் வருகைப் பதிவின்போதுகூட அவளுக்காகப் பக்கத்தில் இருப்பவள்தான் "உள்ளேன்" சொல்வாள்.

பேருந்தின் கடைசி நீள இருக்கையில் அவளும் இன்னும் மூன்று கல்லூரிப் பெண்களும் மூன்று வருடமாக ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருத்தி கதை சொல்வாள், மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்து நான் இதைச் செய்கிறேன், நான் அதைச் செய்கிறேன் என்பார்கள், செய்தது பலித்ததா இல்லையா என்று இருபது முகம் கொண்ட ஒரு பச்சைப் பகடை டிபன் பாக்ஸ் மூடியில் உருண்டு சொல்லும். கதை சொல்பவள் கீழவெள்ளூரணி மகரஜோதி. எழுதாமல் மிஞ்சிய ரெக்கார்டு நோட்டு ஒன்றில் விதிகளையெல்லாம் தமிழில் எழுதி வைத்திருந்தாள். விதி என்று வந்துவிட்டால் அவளிடம் சிநேகிதம், கண்ணீர், கடலை மிட்டாய் எதுவும் செல்லாது. அந்தக் கதைக்குள் மற்ற இருவரும் வாள் சுழற்றினார்கள், நெருப்பு எறிந்தார்கள். கோமதி மட்டும் எப்போதும் ஒளிகிறவளாகவே இருந்தாள். அதனால் ஒளிவதன் சட்டதிட்டங்கள் அந்தப் பேருந்தில் எல்லோர் காதிலும் விழுந்து விழுந்து ஏறியிருந்தன.

"பாத்துக்கிட்டே இருக்கிறவன் முன்னால நீ ஒளிய முடியாதுட்டி. நடுவுல ஏதாவது மறைவு வேணும்" என்பாள் ஜோதி. "மறைஞ்சாலும் சத்தம் போட்டா போச்சு. ஒருதடவ உருட்டுன நம்பர்தான், தேடுறவன் உன்னவிடப் பெருசா உருட்டுற வரைக்கும், இல்ல நீயே காட்டிக்கொடுக்குற வரைக்கும், அப்படியே நிக்கும்."

கடைசி நாள் சாயங்காலம், கடைசி நடையில், அவர்களுடைய கதையில் மூன்று பேரும் ஒரு மாட்டுவண்டியில் போய்க்கொண்டிருந்தார்கள், பின்னால் அரசனின் குதிரைப்படை வந்துகொண்டிருந்தது. ஜோதி கேட்டாள், என்ன செய்கிறீர்கள் என்று. ஒருத்தி சண்டை என்றாள். இன்னொருத்தி ஓட்டம் என்றாள்.

"நான் ஒளியுறேன்" என்றாள் கோமதி.

"எதுக்குப் பின்னால?"

"புழுதிக்குப் பின்னால."

ஜோதி நோட்டைப் புரட்டினாள். "புழுதி செல்லும். நீ மட்டுமா?"

கோமதி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், உள்ளே திரும்பிப் பார்த்தாள், பிறகு அவள் குரலில் அதுவரை யாரும் கேட்டிராத ஒரு பிடிவாதத்தோடு சொன்னாள்: "வண்டியோட. வண்டியில இருக்கிற அத்தனை பேரோட."

வேறு யாராயிருந்தாலும் சரி என்று ஒருமுறை உருட்டச் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஜோதி, விதி தவறாத ஜோதி, கூட்டமாக ஒளிந்தால் கூட்டத்தில் இருக்கிற ஒவ்வொருவரும் உருட்ட வேண்டும், பாதிப்பேராவது பன்னிரண்டைத் தொட வேண்டும், பாதிப்பேர் ஜெயித்தால் தோற்றவர்களையும் சேர்த்து அது தூக்கிக்கொண்டு போய்விடும் என்று வாசித்துக் காட்டிவிட்டு, வண்டியில் இருக்கிற அத்தனை பேர் என்றால் அத்தனை பேரும்தான் என்று எழுந்து நின்று பேருந்தை எண்ணினாள். ஓட்டுநர் நடத்துநர் உட்பட முப்பத்து மூன்று. பதினேழு பேர் ஜெயிக்க வேண்டும்.

டிபன் பாக்ஸ் மூடியும் பகடையும் அப்படித்தான் பின்னாலிருந்து முன்னால் புறப்பட்டன. எதற்கு என்று கேட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான்; மற்றவர்கள் விபூதித் தட்டு வந்தால் கை நீட்டுவது போல நீட்டி, கண்ணை மூடிக்கூட ஒருவர், உருட்டிவிட்டுப் பக்கத்தில் தள்ளினார்கள். பஞ்சு வியாபாரி ஒன்பது. பால்காரர் பதினெட்டு. ஓடைப்பட்டி வாத்தியார் பன்னிரண்டு விழுந்ததும் "சமமா வந்தா செல்லுமா?" என்று கேட்டார்; ஜோதி பின்னாலிருந்து "செல்லும் ஸார்!" என்று கத்தினாள். கருவாடு விற்கிற மாரித்தங்கம், நாலு ஊருக்குக் கேட்கிற குரல்காரி, உருட்டியதில் ஒன்று விழுந்தது.

"எனக்கு ஒண்ணா? ஏட்டி ஜோதி, கட்டையில என்னமோ குசும்பு பண்ணி வச்சிருக்க."

"விடுங்க மதினி, பாதிப்பேர் ஜெயிச்சா உங்களையும் தூக்கிட்டுப் போயிரலாம்."

"என்னையத் தூக்க பாதிப்பேர் போதுமாக்கும்!"

நடத்துநர் பூல்பாண்டி டிக்கெட் கிழிப்பதை நிறுத்தாமலே இடது கையால் உருட்டிப் பதினான்கு போட்டார். அத்தோடு பதினாறு பேர் ஆயிற்று, மிச்சம் ஓட்டுநர் மிக்கேல் மட்டும். ரயில்வே கேட் அடைத்துக் கிடந்தது. மூடியை இன்ஜின் மூடிமேல் வைத்தார்கள். இருபத்தாறு வருடம் அந்தத் தடத்தில் ஓட்டிய மனிதர், மறுநாள் காலை வண்டியை டெப்போவில் ஒப்படைக்கப்போகிறவர், பகடையைக் கையில் வைத்து ஒருமுறை ஊதிவிட்டுப் போட்டார். பத்தொன்பது. ரயில் போனது, கேட் உயர்ந்தது, இரண்டு பக்கமும் காத்துக் கிடந்த லாரிகளும் டிராக்டர்களும் ஒரே நேரத்தில் பாய்ந்ததில் கிளம்பிய புழுதி பேருந்தை மூடியது. அதற்குள் கீழவெள்ளூரணிக்குப் பிரியும் விலக்கு வந்துவிட்டது, ஜோதி இறங்க வேண்டும், ஆட்டம் அந்த இடத்திலேயே, எல்லோரும் ஒளிந்தபடியே, நின்றுபோனது.

மறுநாள் காலை வெறும் வண்டியாக ஓட்டிப்போவானேன் என்று மிக்கேல் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு செவல்பேட்டை போனார். பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர் அவர்கள் முன்னால் நின்று கொட்டாவி விட்டார், குறிக்கவில்லை. டெப்போவில் காவலாளி சங்கிலியை இறக்கி, எறும்பு ஒன்று போக வழிவிட்டவர் போல நின்று, மறுபடி கட்டினார். மிக்கேல் வண்டியை முற்றத்தில் நிறுத்திவிட்டு மேலாளர் அறைக்குப் போய்ச் சாவியை மேஜையில் வைத்தார்.

"பதினெட்டு-சி வந்துருச்சு ஸார்."

மேலாளர் ஜன்னல் வழியே பார்த்தார். "எங்கய்யா?"

"அந்தா நிக்கி."

மேலாளர் இன்னொரு முறை பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். காலை நேரத்தில் ஒரு ஓட்டுநரிடம் தன் பார்வையைப் பற்றி விவாதிக்க விரும்பாமல், "சாவி வந்துட்டா வண்டி வந்த மாதிரிதான்" என்று சொல்லிப் பதிவேட்டில் பெற்றுக்கொள்ளப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாவியை மாட்ட ஆணியில் இடமில்லை. நாளைக்குக் கொண்டுவா என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பேருந்துக்குள் ஒரு கூட்டம் நடந்தது. ஜோதி நோட்டை விரித்து, நாம் யாரும் வெளியே வரவில்லை, ஆட்டத்தை முடிக்கவில்லை, அதனால் உருட்டிய எண் அப்படியே நிற்கிறது என்று விளக்கினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். வாத்தியார் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார்.

"நம்மள யாருக்கும் தெரியாம போயிருமா?"

"மறைஞ்சு இருக்கிறது வேற, மாயமாகிறது வேற ஸார். நாம இங்கதான் இருக்கோம். தேடாதவன் கண்ணுல படமாட்டோம், அவ்வளவுதான். சத்தம் போடக் கூடாது, வெட்டவெளியில நிக்கக் கூடாது."

மிக்கேலுக்கு எழுபத்தெட்டு நாள் விடுப்பு சேர்ந்து கிடந்தது. அப்போதே எழுதிக் கொடுத்தார். பூல்பாண்டி, "அண்ணாச்சி இல்லாம நான் எந்த வண்டியில ஏற?" என்று தானும் எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பதினோரு வாரம் ஐந்து ஊர்கள் ஒளிந்து வாழக் கற்றுக்கொண்டதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிக்கேல் ஹாரனைத் தொடுவதில்லை. கை பழக்கத்தில் போகும்போது அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு வாயாலேயே மெல்ல "பாம்" என்பார், எதிரே வருகிற லாரிக்காரன் எதனாலோ மனம் மாறி ஒதுங்குவான். பூல்பாண்டி விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, போகலாம் என்பதற்கு இரண்டு விரலால் கம்பியைத் தட்டினார். நிறுத்தத்தில் நிற்பவர்கள் கை காட்டக் கூடாது என்பதால் தூரத்தில் புழுதி தெரிந்ததும் பேச்சை நிறுத்துவார்கள், அந்த அமைதியைப் பார்த்து மிக்கேல் பிரேக்கில் கால் வைப்பார். பதினைந்து வருடமாக ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போட்டுவந்த இரண்டு பெண்கள் கிசுகிசுத்தே சண்டை போட்டுப் பார்த்து, அதில் ருசி இல்லாமல், மூன்றாவது வாரம் சமாதானமானார்கள். மாரித்தங்கம் கருவாட்டை ஈரச்சாக்கில் சுற்றி, வாழை இலையில் சுற்றி, மேலே வேப்பிலை போட்டாள். இருந்தும் நாய்களை ஏமாற்ற முடியவில்லை. செவல்பேட்டைக் கடைவீதியில் தினமும் ஒன்பதரைக்கு ஏழெட்டு நாய்கள் ஒன்றுமில்லாததைத் துரத்திக்கொண்டு மூச்சிரைக்க ஓடுவதைக் கடைக்காரர்கள் பார்த்து, கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள்.

டீசல் விஷயம் இதுதான்: டெப்போவின் டீசல்காரர் ஒன்பது வருடமாக நாலு மணிக்கு ஒரு நிமிடம் முன்பு இடது கையில் குழாயை எடுத்து வலது பக்கம் திரும்பாமலே பதினெட்டு-சியின் வாயில் செருகுகிறவர். அவர் கை அதை நிறுத்தவில்லை. பூல்பாண்டியின் பணப்பையையும் வசூல் ஜன்னலில் இருந்தவர் தலை நிமிராமல் அப்படியே வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு உருட்டாதவர்களுக்குப் பேருந்து தெரியாது என்பது முதலில் சிக்கலாக இருந்தது. கீழவெள்ளூரணிக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண் மூன்று நாள் நிறுத்தத்தில் நின்று, தன்னோடு நின்றவர்கள் ஒவ்வொருவராகப் புழுதிக்குள் காணாமல் போவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்கினாள். நான்காம் நாள் அவள் நாத்தனார் அவள் கையைப் பிடித்துப் படிக்கட்டுக் கம்பிமேல் வைத்தாள். கம்பியைத் தொட்டதும் எல்லாம் தெரிந்தது. "இதுதானா? ஜன்னலுக்குக் கண்ணாடியே இல்லையே" என்றாள் அவள். அப்புறம் எல்லோரும் அப்படித்தான் கைபிடித்து ஏற்றப்பட்டார்கள். ஏழு கிலோமீட்டர் தள்ளி வேறு தடத்து ஊர்க்காரர்கள்கூட, இல்லாத பேருந்து ஒன்று நேரத்துக்கு வருகிறதாம் என்று கேள்விப்பட்டு, இருக்கிற பேருந்துகளை விட்டுவிட்டு நடந்து வந்து, யாராவது கைபிடிக்கக் காத்து நின்றார்கள்.

தீப்பெட்டி ஆபீஸ் வேன் மட்டும் ஒளிவதைப் பற்றி எதுவும் கேள்விப்படாதது போலத் தினமும் காலை ஆறு மணிக்குச் சுடலைமணி வாசலில் நின்று நீளமாக ஹாரன் அடித்தது.

"என்ன மாமா, பஸ்ஸு நின்னு ஒரு மாசமாச்சு, பிள்ளைய அனுப்பலையா?" என்றான் வேன்காரன்.

"பஸ்ஸுலதானே போறா."

"எந்தப் பஸ்ஸுல?"

"கண்ணுக்குத் தெரியாத பஸ்ஸுல."

"அப்பச் சரி. கண்ணுக்குத் தெரியாத டிகிரி ஒண்ணு தருவான், வாங்கிச் சுவத்துல மாட்டுங்க."

சுடலைமணி சிரிக்கவில்லை. கோமதியிடம் வந்து, "ஓடுற வரைக்கும் போ" என்று மட்டும் மறுபடி சொன்னார். அவர் வார்த்தை மாறுகிறவர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். பேருந்து பிடிபட்ட மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்த வேனில் அவளுக்கு ஓர் இடம் உண்டு என்பதும் தெரியும். ஒவ்வொரு பரீட்சையாக எழுதி, ஒவ்வொன்றாக விரல் மடக்கி, கடைசி ஒன்றுக்கு வந்தாள். அணுக்கரு இயற்பியல், வியாழக்கிழமை, காலை பத்து மணி.

புதன்கிழமை இரண்டு காரியங்கள் நடந்தன. பெற்றுக்கொள்ளப்பட்ட வண்டி ஒன்று முற்றத்தில் இல்லாததும், தினமும் கொஞ்சம் டீசல் குறைவதும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு மேலாளரின் மேஜைக்கு வந்து சேர்ந்தன. அவர் செக்கிங் இன்ஸ்பெக்டர் தவசிலிங்கத்தைக் கூப்பிட்டு, போய்த் தேடு என்றார். தவசிலிங்கம் ஒருமுறை பருத்தி மூட்டைக்குள் படுத்திருந்தவனிடம், அவன் தும்முவதற்கு முன்பே, டிக்கெட் கேட்டவர். அதுவரை எங்களை யாரும் தேடவில்லை. இரண்டாவது காரியம், சாயங்காலம் கோடை மழை இறங்கியது. விடிய விடியப் பெய்தது.

வியாழக்கிழமை காலை வானமும் தரையும் கழுவி வைத்த பாத்திரம் போல இருந்தன. கரிசல் மண் இறுகிப் பளபளத்தது. முப்பத்து நாலு கிலோமீட்டருக்கும் ஒரு துளிப் புழுதி இல்லை. ஆனைக்குழி வேப்பமரத்தடியில் எல்லோரும் நின்றார்கள், ஒருவரும் ஏறவில்லை. எட்டாம் கல்லில் ஜீப்போடு ஒருவர் நிற்கிறார் என்று பால்காரர் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

"மறைவு இல்லாம ஒளிய முடியாது" என்றாள் ஜோதி. முந்தின நாள் மழையில் சிநேகிதி வீட்டிலேயே தங்கியிருந்தாள், நோட்டு கையில் இருந்தது. "போனா பிடிபட்ருவோம்."

"அப்ப இன்னைக்குப் போகாம இருந்துருவோமா?" என்றார் பஞ்சு வியாபாரி. "நாளைக்குப் புழுதி வந்துரும்."

"நாளைக்கு வரும். பரீட்சை இன்னைக்கு" என்றாள் மாரித்தங்கம், தன் பழைய குரலில். பதினோரு வாரத்துக்குப் பிறகு அந்தக் குரல் வெளியே வந்ததும் மரத்திலிருந்த காக்கைகள் எழும்பின. "ஏட்டி ஜோதி, அந்த நோட்டுல வேற ஒண்ணுமே இல்லையாட்டி?"

ஜோதி புரட்டினாள். ஈரத்தில் ஒட்டிய தாள்களைப் பிரித்துப் பிரித்துப் புரட்டினாள். பிறகு ஒரு பக்கத்தில் விரல் வைத்து நின்றாள்.

"பிடிபடுறது வேற, நாமளா வெளிய வர்றது வேற. பிடிபட்டா முதல் அடி அவங்களுது. நாமளா வெளிய வந்தா முதல் அடி நம்மளுது. அதுக்கு ரெண்டு தடவ உருட்டலாம், பெருசு எதுவோ அத எடுத்துக்கலாம்."

"யாரு வெளிய வர?" என்றார் மிக்கேல்.

அதற்கு விதியில் பதில் இல்லை. கோமதி படியில் ஏறி, கடைசி நீள இருக்கைக்குப் போகாமல், ஓட்டுநருக்குப் பின்னால் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு எல்லோரும் ஏறினார்கள். வழியெல்லாம் ஏறினார்கள். பேருந்து பிடிபடப்போகிறது என்று கேள்விப்பட்டு, எந்த வேலையும் இல்லாதவர்கள்கூட ஏறினார்கள்.

எட்டாம் கல்லுக்கு முந்தின திருப்பத்தில், கருவேல மரங்கள் முடிகிற இடத்தில், கோமதி நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள். கரிசல் சேறு அடியெடுத்த இரண்டாவது எட்டிலேயே செருப்பை வாங்கிக்கொண்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள். தவசிலிங்கம் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்தபடி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்துக்குள் ஜோதி டிபன் பாக்ஸ் மூடியை மடியில் வைத்தாள்.

"ஸார், நீங்க தேடுற பஸ்ஸுலருந்துதான் நான் வர்றேன்" என்றாள் கோமதி.

அவர் அவளைப் பார்த்தார், அவள் வந்த காலடியை நூல் பிடித்தாற்போல் பார்த்துக்கொண்டே போனார், திருப்பத்தில் பதினெட்டு-சி நின்றது, நெற்றியில் ஒட்டிய தாள் உட்பட.

"பத்து மணிக்குப் பரீட்சை ஸார். விட்டுருங்க ஸார்."

மூடியில் நான்கு விழுந்தது.

"பரீட்சைக்கு நான் என்னம்மா செய்ய? டெப்போ ஆளு வரணும், வண்டியக் கையெழுத்துப் போட்டு எடுக்கணும். மத்தியானம் ஆகும். எல்லாரையும் இறங்கச் சொல்லு."

ஜோதி மறுபடி உருட்டினாள். பகடை மூடியின் விளிம்பில் ஏறி, சுற்றி, இறங்கி, பதினெட்டில் நின்றது.

"எந்த வண்டிய ஸார் எடுக்கப் போறீங்க?" என்றாள் கோமதி. "பதினெட்டு-சி வந்துருச்சுன்னு பிப்ரவரி ஒண்ணாந்தேதியே மேலாளர் ஸார் கையெழுத்துப் போட்டுருக்காங்க. முற்றத்துல நிக்கிற வண்டிய எட்டாம் கல்லுல பிடிச்சேன்னு எழுதுவீங்களா? எழுதுனா அவங்க கையெழுத்துக்கு யாரு பதில் சொல்லணும்? ஆனா ஏறிச் செக்கிங் பண்ணீங்கன்னா, ஓடுற பஸ்ஸு, உள்ள ஆளு, ஆளு கையில டிக்கெட்டு. அத எழுதுனா யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. எது வேணும்னாலும் எழுதுங்க. ஆனா ஆளை எண்ணிட்டு எழுதுங்க. போன தடவ எண்ணுனப்ப எங்க ஊர்ல கொடை ஸார்."

தவசிலிங்கத்திடம் அவர் வேலையில் இத்தனை வருடமாக டிக்கெட் இல்லாதவர்கள்தான் பேசியிருக்கிறார்கள். குடையைக் கோமதியிடம் கொடுத்தார், திருப்பம்வரை நடந்தார், செருப்பைத் தட்டினார், முன்படியில் ஏறினார்.

"டிக்கெட்ட எடுங்க எல்லாரும்."

மிக்கேல் இன்ஜினை அணைக்கப் போனார்.

"நிறுத்தாதய்யா. நின்ன வண்டியில செக்கிங் பண்ணி எனக்குப் பழக்கமில்ல."

ஐம்பத்தைந்து இருக்கைகள் கொண்ட அந்தப் பேருந்தில் அன்று நூற்று நான்கு பேர் இருந்தார்கள். பூல்பாண்டி ஒருவரையும் விடாமல் கிழித்துக் கொடுத்திருந்தார். தவசிலிங்கம் ஒவ்வொரு டிக்கெட்டாக வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தைக் கிழித்து, எண்ணிக்கையைச் சொல்லிச் சொல்லி, ஒரு காலை வைக்க இன்னொருவர் காலைக் கேட்டு, இடுக்கில் புகுந்து, இருபதில் ஓடைப்பட்டியையும் நாற்பத்தொன்றில் கீழவெள்ளூரணியையும் கடந்து, எழுபத்து மூன்றில் மாரித்தங்கத்தின் கூடையைத் தாண்டும்போது "இதுக்கு லக்கேஜ் டிக்கெட் எங்க?" என்று கேட்க, அவள் அதையும் எடுத்து நீட்ட, தொண்ணூறில் ரயில்வே கேட்டையும் கடந்தார். கேட் திறந்திருந்தது. "நூத்தி நாலு" என்று அவர் சொல்லி முடித்தபோது பேருந்து கல்லூரி வாசலில் நின்றது. மணி ஒன்பது நாற்பத்து நான்கு.

கோமதி குடையை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, சேற்றுக் காலோடு ஓடினாள்.

அவள் அணுக்கருவைப் பிளந்து எழுதிக்கொண்டிருந்த மூன்று மணி நேரத்தில் டெப்போவில் ஒரு தாள் மேஜை மேஜையாகப் போனது. பதினெட்டு-சி, ஆனைக்குழி, ஆள் நூற்று நான்கு, டிக்கெட் நூற்று நான்கு, லக்கேஜ் ஒன்று, கையொப்பம் தவசிலிங்கம். மேலாளர் அதையும் தன் பழைய கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எழுந்து ஜன்னலுக்குப் போனார். முற்றத்தில், வெயிலில், கண்ணாடி இல்லாத ஜன்னல்களோடு பதினெட்டு-சி நின்றது. மிக்கேல் நெற்றித் தாளை ஈரத்துணியால் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். மேலாளர் திரும்பி வந்து, அந்தத் தடம் நிறுத்தப்படவே இல்லை, நிறுத்தப்பட்டதாக எண்ணியது அலுவலகப் பிழை என்று எழுதி, சாயங்காலம் ஆறரைக்கு இன்னொரு நடை சேர்க்கலாமா என்று மேலே கேட்டுக் கடிதம் போட்டார்.

நாலரைக்குக் கோமதி பேருந்து நிலையத்துக்கு வந்தாள். கடைசிப் பரீட்சையும் முடிந்திருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு யார் வாசலில் எந்த வேன் ஹாரன் அடித்தாலும் அது வேறு யாரையோ கூப்பிடுகிற சத்தமாகத்தான் இருக்கும். பதினெட்டு-சி மூன்றாம் நடைமேடையில், எல்லோரும் பார்க்க, நின்றுகொண்டிருந்தது. நேரக் காப்பாளர் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டார். உள்ளே காலையில் வந்த அத்தனை பேரும் ஏற்கெனவே ஏறி அடைத்துக்கொண்டு, சத்தமாக, ஒரே நேரத்தில், பதினோரு வாரப் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

படிக்கட்டின் அருகே தலையில் மூட்டையோடு ஒரு பெண் நின்று பேருந்தை மேலும் கீழும் பார்த்தாள். எங்கள் ஊர்ப்பக்கத்தவள் இல்லை. யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை, யாரும் அவளுக்கு எதையும் காட்டவில்லை. அவளே பார்த்தாள்.

"இந்தப் பஸ்ஸு எங்கம்மா போகுது?"

உள்ளே பேச்சு நின்றது. நூறு பேரும் திரும்பிக் கோமதியைப் பார்த்தார்கள்.

"ஆனைக்குழி!" என்றாள் கோமதி, நிலையத்தின் அடுத்த கோடியில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கும்படி. "கீழவெள்ளூரணி, ஓடைப்பட்டி, ஆனைக்குழி! ஏறுங்க, இடமிருக்கு!"

இடம் இல்லை. அந்தப் பெண் மூட்டையை உள்ளே கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டாள்.